நிச்சயத்துக்குக் குடுத்த போன்

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இந்தப் பைய மடியில வச்சா மூச்சு முட்டுது, கீழ வச்சா மிதிச்சிருவானுக. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கட்டும். நீ எதுவரைக்கும்? திருநெல்வேலியா. நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். என் மக செல்வமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கேன்னு சொல்லியிருக்கா. பிள்ளையத் தூக்கிட்டு வருவா. நான் இன்னும் அந்தப் பிள்ளை முகத்தப் பாக்கல.

கொஞ்சம் மெதுவாத்தான் சொல்றேன். ஏன்னா வீட்டுல மகன்கிட்ட, சாத்தூர்ல இறங்கி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பயம்னு நினைச்சுக்காத. அவன் தங்கச்சியோட பேசுறதில்லன்னு இருக்கான், நாம ஏன் அவன் மனச நோகடிக்கணும். அவ எங்க ஆளு இல்லாத ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போனா. அவ போன்ல அந்தப் பையன் பேரப் பாத்து இவன்தான் கண்டுபிடிச்சான். போனப் புடுங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டுனான். போனப் பூட்டுனா ஆளு நிப்பான்னு நினைச்சோம். நிக்கல. அந்த மாப்பிள்ளைக்கு ஒரு மீசை உண்டு பாரு, அத மீசைன்னு சொல்லவும் மனசு வராது. அந்த மூஞ்சிக்கு இந்தக் கழுதை வீட்ட விட்டுப் போனா.

சரி, அது கிடக்கட்டும். பிள்ளைக்கு வசம்பு வளையம் எடுத்துட்டுப் போறேன். பேறுகால மருந்தும் இடிச்சு வச்சிருக்கேன், மோந்து பாரு, நல்லா வறுபட்டிருக்கும். இத இடிக்கத்தான் பாடாப் பட்டேன். எங்க வீட்டு அடுப்படியில கேமரா இருக்கு. அதனால ரெஜினா வீட்டுல வச்சு இடிச்சேன். ரெஜினா பக்கத்து வீட்டுக்காரி. எங்க வீட்டுக்கு வந்தா உள்ள வரமாட்டா, பின்வாசல்ல நின்னுதான் பேசுவா. கேமரான்னா அவளுக்குப் பயம். விவரம் பத்தாத பொம்பள. ஆனா மக என்கிட்டப் பேசுறதுன்னா ரெஜினா போனுக்குத்தான் பேசுவா.

கேமரா எதுக்குன்னு கேக்கியா? என் மகன் ஜெயமுருகனுக்குத் தொழிலே அதுதான். விருதுநகர் பஜார்ல எந்தக் கடையில நின்னு அண்ணாந்து பாத்தாலும் அவன் மாட்டுன கேமராதான் இருக்கும். வீட்டுலயும் மாட்டியிருக்கான், வாசல்ல, நடுவீட்டுல, அடுப்படியில. அடுப்படியில எதுக்குடான்னு கேட்டேன். நீ கேஸ அணைக்காமப் போயிருவம்மான்னான். வாஸ்தவம்தான், ஒரு தடவ போயிட்டேன். இப்ப கடையில இருந்தே போன் போட்டு, பால் பொங்குது பாரும்பான். அவுக அப்பா போயிச் சேந்த பிறகு என்னை இப்படிக் கவனிக்க யாரு இருக்கா. நீ உங்க அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ போன் பண்ணுவ? தெரியும், பண்ண மாட்ட. வேலைக்குப் போற பொண்ணுகளுக்கு எங்க நேரம்.

இந்தப் போனத்தான பாக்குற? நீ ஏறுன நேரத்துல இருந்து பாத்துக்கிட்டே வர்ற. பட்டிக்காட்டு மூஞ்சிக்கு இவ்வளவு நல்ல போனான்னு பாக்குற. பாரு, பாரு. இது எனக்குன்னு வாங்குனதில்ல. என் மகனுக்கு ஒரு பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணுனோம், அவளுக்குக் குடுத்தது. அந்தக் கதைய நீ கேக்கணும். கேட்டா உனக்கே காறித் துப்பத் தோணும்.

அருப்புக்கோட்டைப் பொண்ணு. பேரு பொன்ரேகா. மருந்துக்கடையில வேலை. மருந்துக்கடைன்னா என்ன, சீட்டப் பாத்து மாத்திரைய எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு கண்ணாடி. அவ அப்பன் ஒரு வாயில்லாப்பூச்சி. எதக் கேட்டாலும் ‘செஞ்சிருவோம் மதினி, செஞ்சிருவோம் மதினி’ம்பான். நிச்சயத்துக்கு ஒரு மண்டபம் புடிச்சிருந்தானுக பாரு, ஃபேன் சுத்துதா நிக்குதான்னு நாமதான் எந்திரிச்சு நின்னு பாக்கணும். சாம்பார்ல கைய விட்டா அடியில இலை தெரியுது.

நாங்க அப்படிச் செய்யல. இப்பல்லாம் நிச்சயத்துல பொண்ணுக்குப் போன் குடுக்கணும்ல. முன்ன சேலை, பூ, மோதிரம்னு முடிஞ்சுபோகும். இப்பத் தட்டுல போன் இல்லன்னா சனம் அந்தத் தட்ட எட்டிக்கூடப் பாக்காது. பழம், தேங்காய், பட்டு, அதுக்கு மேல போன வச்சு நானே கொண்டுபோய் நீட்டுனேன். ‘என்கிட்டத்தான் போன் இருக்கே அத்தை’ன்னா. அது ஓரம் உடைஞ்ச பழைய போனு. அத நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து தூக்கிட்டுத் திரிஞ்சா என் மகனுக்கு மரியாதையா? அதத் தம்பிக்குக் குடுத்துரு, இனிமே இதுதான்னு சொன்னேன். சரின்னுட்டா.

என் மகன் டப்பாவ அப்படியே குடுக்குற ஆளா? பிரிச்சு, என்னென்ன போடணுமோ எல்லாம் போட்டு, அவன் போட்டாவ முகப்புல வச்சுக் குடுத்தான். அவன் பேர்லயே சிம் கார்டு. அவளுக்கு ஒரு வேலை வைக்கல. இப்படிப் பாத்துப் பாத்துச் செய்றவன் கிடைக்க அவ குடுத்து வச்சிருக்கணும்.

பிறகு தினமும் ராத்திரி சாப்பிட உக்காந்தான்னா அவன் போன்ல ஒரு நீலப் புள்ளி ஓடும். ‘இந்தா பாரும்மா, உன் மருமக கடையில இருந்து கிளம்பிட்டா. இந்தா பஸ் ஏறிட்டா’ம்பான். எனக்கு நல்லாப் பொழுது போச்சு. சீரியல் பாக்குறதயே விட்டுட்டேன். ஒரு நாள் புள்ளி ஒரே இடத்துல நின்னுக்கிட்டே இருக்கு. என்னடான்னா வளையக்கடைங்கான். வளையல் வாங்க இவ்வளவு நேரமான்னு ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ வாங்குனது என்ன நெறம்னு கூட மறுநாள் எங்களுக்குத் தெரியும். சிநேகிதிக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தா, அவ அனுப்புறதெல்லாம் இவனுக்கும் வந்துரும்.

தப்பா? இதுல என்ன தப்பு இருக்கு? கட்டிக்கப்போறவன் பாக்கான். நாங்க வாங்கிக் குடுத்த போனு, நாங்க பாக்கோம். நீ மூஞ்சியச் சுளிக்காத.

ஒரு நாள் அவன் ஒரு மாதிரிச் சிரிச்சுக்கிட்டு வந்தான். ‘அம்மா, உன்னப் பத்தி என்ன எழுதியிருக்கா பாரு’ன்னு வாசிச்சுக் காட்டுனான். இந்துமதின்னு ஒரு சிநேகிதி, அவளுக்கு எழுதியிருக்கா. என்ன எழுதியிருக்கா தெரியுமா? நிச்சயத்தன்னைக்கு அவுக அம்மா பாயசத்த எடுத்து வாயில வைக்கப் போனாக, மகன் ஒரு பார்வை பாத்தாரு, கீழ வச்சுட்டாக. பாவமா இருந்துச்சு. மகனுக்குப் பயப்படுறாக போல. நானும் நாளைக்கு இப்படித்தான் கீழ வைப்பேனோன்னு இருக்கு. இதுதான் எழுதியிருக்கா.

எனக்குச் சுகர் தாயி. சுகர் இருக்கிறவள மகன் பாக்காம எவன் பாப்பான்? அவன் பாத்தது பாசத்துல. நான் வச்சது எனக்கே வேண்டாம்னு தோணுனதால. இத ஒரு மருந்துக்கடைக்காரி உக்காந்து எழுதுறா. என்னைப் பாத்துப் பாவமாம். நான் யாருக்குப் பயந்தவ? என் மாமியாரயே நான் பேச விட்டதில்ல.

உடனே அவ ஆத்தாளுக்குப் போன் போட்டேன். ‘உங்க மக என்னைப் பாவம்னு எழுதியிருக்கா, என்ன வளத்து வச்சிருக்கீக’ன்னேன். ‘யாருக்கு மதினி எழுதுனா?’ன்னு கேட்டா. இந்துமதிக்குன்னேன். பாயசத்தப் பத்தி எழுதியிருக்கான்னு ஒவ்வொரு வரியாச் சொன்னேன். அவ மெதுவாக் கேக்கா, ‘மதினி, இந்துமதிக்கு எழுதுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?’

நான் என்ன ஒளிச்சுப் பேசுறவளா? என் மகன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான், அவ எங்க நிக்கா, யாரோட பேசுறா, எல்லாம் எங்களுக்குத் தெரியும்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். பொண்ணு பத்திரமா இருக்குன்னு அவுகளுக்கும் நிம்மதிதானே.

அன்னைக்குச் சாயங்காலமே புள்ளி காணாமப் போச்சு. மறுநாள் அந்த வாயில்லாப்பூச்சி போன் பண்றான், ‘என் பொண்ணுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் மதினி’ன்னு. அன்னைக்குத்தான் அந்தாளு ‘செஞ்சிருவோம்’ங்காம ஒரு பேச்சு பேசுனான்.

‘ஏம்மா சொல்லித் தொலைச்ச’ன்னு என் மகன் சத்தம் போட்டான். பாசத்துலதான். தட்டு ஒன்னு செவுத்துல பட்டு நெளிஞ்சுபோச்சு, வேற ஒன்னுமில்ல.

இந்தா, சாத்தூர் வந்துருச்சு. நான் கோயிலுக்குப் போறதா இருந்தா இங்க இறங்கணும். இரு, அந்தச் சேவுக்காரனக் கூப்பிடு. கருப்பட்டிச் சேவு இருக்காப்பா? ஒரு பொட்டலம் குடு. எடுத்துக்கோ தாயி, சும்மா எடுத்துக்கோ. எனக்கா? நான் தின்பேன். எவ்வளவு காலமாச்சு இதத் தின்னு. இங்க யாரு பாக்கப் போறா.

எதுல விட்டேன்? ஆமா, குடுத்தத எல்லாம் திருப்பி வாங்கப் போனோம். நானும் மகனும் என் தம்பியும். அருப்புக்கோட்டையில அவனுக வீட்டுலதான். பெரிய மனுசன் யாராச்சும் நடுவுல இருந்து பேசி, வெத்தலை பாக்கைத் திருப்பிக் குடுத்து முடிக்கிறதுதான நம்ம வழக்கம். இவனுக யாரக் கூட்டி உக்கார வச்சிருந்தானுக தெரியுமா? ஒரு பொம்பள வக்கீல. பொண்ணோட பெரியம்மா மகளாம், பேரு மங்கையர்க்கரசி. உன் வயசுதான் இருக்கும். தலையில ஒரு முழம் பூ இல்ல, பேச்சு மட்டும் நீளம்.

ஒரு காப்பி குடுத்தானுக, அத நான் தொடல. சேலைய வச்சானுக, மோதிரத்த வச்சானுக, போன வச்சானுக. அந்த வக்கீலு சொல்றா, ‘அம்மா, குடுத்து அவ வாங்குன பொருளு அவளுக்குத்தான் சொந்தம். திருப்பிக் குடுத்தாகணும்னு சட்டத்துல இல்ல. அவளுக்கு வேண்டாம்ங்கறதால குடுக்கோம். ஆனா உள்ள இருந்தது அவளோடது, அத எடுத்துட்டோம்’ங்கா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாத்திரம் எங்களது, அதுல இருக்கிற குழம்பு மட்டும் உங்களதான்னு கேட்டேன். நல்லாக் கேட்டேன்ல? அதுக்கு அவ, ‘ஆமாம்மா, அடுத்த வீட்டுப் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கும்போது கழுவித்தானே குடுப்போம், கழுவிட்டோம்’னா. திமிரு.

அதோட விட்டாளா? உங்க மகன் அவ எழுதுனத எல்லாம் படம் புடிச்சு வச்சிருக்காரு, அத எங்க முன்னாடி அழிக்கணும், இல்லன்னா சைபர் போலீசுக்குப் போவோம்னா. ஒருத்தருக்குத் தெரியாம அவுக எழுதுறதப் படிக்கிறதும், போற இடத்தப் பாக்குறதும் குத்தமாம். போன் யாரு வாங்கிக் குடுத்ததுன்னு கணக்குக் கிடையாதாம். அந்தரங்கம்னு ஒரு வார்த்தை சொன்னா. கல்யாணம் ஆகப்போறவளுக்கு என்னடி அந்தரங்கம்னு கேட்டேன். ‘கல்யாணம் ஆனாலும் உண்டும்மா. உங்களுக்கும் உண்டு’ங்கா.

எனக்கெதுக்கு அந்தக் கருமம்? நான் எதையாச்சும் மறைக்கிறவளா? இன்னைக்குக் கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தது வேற.

என் தம்பி இருக்கானே, அவன் ஒரு உதவாக்கரை. ‘அழிச்சிருப்பா, எதுக்கு வம்பு’ன்னு முணங்குனான். அத்தனை பேர் முன்னாடியும் என் மகன் ஒவ்வொன்னா அழிச்சான். அவன் முகத்த என்னால பாக்க முடியல. போனப் பாக்கக்கூடாதுன்னு ஒரு பொண்ணு சொல்லி, அதக் கேட்டு ஒரு ஆம்பள தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கான். இதுக்கா சட்டம் போட்டு வச்சிருக்கானுக?

கிளம்பி வாசலுக்கு வந்துட்டோம். அவ பின்னாடியே வந்தா. பொன்ரேகாதான். என் பக்கத்துல வந்து, என் கையப் புடிச்சுக்கிட்டு, மெதுவாச் சொல்றா, ‘அத்தை, அந்தப் போன யாருக்கு வேணும்னாலும் குடுங்க. நீங்க மட்டும் வச்சுக்காதீக’ன்னா.

கொழுப்பப் பாத்தியா? நான் என்ன அவ தொட்டதத் தொடக்கூடாதவளா? இல்ல, இந்த மாதிரிப் போனு எனக்கெல்லாம் எதுக்குன்னு நினைச்சாளா? கைய உதறிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த உடனே மகன்கிட்டச் சொன்னேன், இந்தப் போன் எனக்கு வேணும்டா, நான்தான் வச்சுக்குவேன்னு. அவ சொன்னதுக்காகவே கேட்டு வாங்குனேன். அவனுக்கும் சந்தோசம். பழையபடி எல்லாத்தையும் அதுல போட்டு, அவனே ரெடி பண்ணிக் குடுத்தான். எங்க போனாலும் இத எடுத்துட்டுப் போம்மா, வீட்டுல வச்சுட்டுப் போயிராதன்னு சத்தியம் வாங்காத குறை. அதான் கழுத்துல மாட்டிக்கிட்டே திரியிறேன்.

அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒன்னும் அமையலயாம். அமையாது. மருந்துக்கடையிலயே உக்காந்து அந்தரங்கத்தக் கட்டிக்கிட்டு அழட்டும்.

இரு. போன் அடிக்குது. அவன்தான். கொஞ்சம் பேசாம இரு தாயி.

சொல்லுப்பா. ஆமாப்பா, கோயில்லதான் இருக்கேன். நல்ல கூட்டம். சத்தமா? அது ஆட்டோ சத்தம்ப்பா. என்னது? இல்லையே. இல்லப்பா, நான் எதுக்கு... நல்லியா? நல்லி தாண்டிட்டேனா? சரிப்பா. கத்தாதப்பா. கண்ணசந்துட்டேன், அதான் சாத்தூர்ல இறங்காம விட்டுட்டேன். ஆமா, இப்பத்தான் முழிச்சேன். எவ வீட்டுக்கு? அவ வீட்டுக்கெல்லாம் இல்லப்பா, உங்க அப்பா மேல சத்தியமா இல்ல. கோவில்பட்டியில இறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சுருவேன். பக்கத்துல யாரும் இல்லப்பா. தனியாத்தான் உக்காந்திருக்கேன். சரி. சரிப்பா. வைக்கட்டா.

நல்லி தாண்டிட்டன்னு ஊர்ப்பேரச் சொல்லிச் சொல்றான் தாயி. நானே வெளிய எட்டிப் பாத்தாத்தான் எந்த ஊருன்னு எனக்குத் தெரியும்.

இது அவ வேலை. அந்தப் பொன்ரேகா வேலைதான். குடுக்கும்போதே உள்ள என்னமோ பண்ணி வச்சுத்தான் குடுத்திருக்கா. அதான் வாசல் வரைக்கும் வந்து வச்சுக்காதீகன்னு சொன்னா, சூனியக்காரி. என்ன சொல்ற? அவனா? போ தாயி, அவன் அப்படிச் செய்ய மாட்டான். அவன் போட்டுக் குடுத்ததெல்லாம் என் நல்லதுக்கு. நான் எங்கயாச்சும் மயங்கி விழுந்துட்டா அவனுக்குத் தெரிய வேண்டாமா? அதுவும் இதுவும் ஒன்னாகுமா?

அணைச்சு வச்சுட்டுப் பேசாமப் போங்கங்கறியா? அணைச்சா, எதுக்கு அணைச்சன்னு கேப்பான்ல. நீ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிருவ.

இந்தா, இந்தச் சேவ நீயே வச்சுக்கோ. எனக்குப் போதும். வாயில போட இருந்ததுதான், எச்சி இல்ல, பொட்டலத்துலயே போட்டுட்டேன். நீ ஏன் என்னை இப்படிப் பாக்குற? அவ பாத்த மாதிரியே பாக்காத. எனக்குச் சுகர்னு சொன்னேன்ல.

கண்டக்டர் தம்பி, கோவில்பட்டி வந்தா சொல்லுப்பா, நான் இறங்கணும். டிக்கெட்டு திருநெல்வேலிக்குத்தான் வாங்குனேன். அதுக்கென்ன இப்ப? இறங்குறேன்னு சொல்றேன்ல, உனக்கு வியாக்கியானம் வேணுமா?

தாயி, நீ திருநெல்வேலிக்குத்தான போற. எனக்கு ஒரு உதவி செய்யணும். இந்தப் பைய எடுத்துட்டுப் போயி என் மககிட்டக் குடுத்துரு. பஸ் நிக்கிற இடத்துலயே இருப்பா. பச்சைச் சேலை கட்டிட்டு வருவேன்னு சொன்னா, கையில பிள்ளை இருக்கும். செல்வமீனான்னு கூப்பிட்டாத் திரும்புவா. மருந்த வெறும் வயித்துல தின்னணும்னு சொல்லு. வசம்பு வளையத்த இடது கையில கட்டச் சொல்லு. அம்மா ஏன் வரலன்னு கேப்பா. தலை சுத்துச்சு, பாதியில இறங்கிட்டான்னு சொல்லு. போன் வந்ததச் சொல்லாத. பயந்துட்டேன்னு நினைப்பா. அவளும் கிட்டத்தட்ட அந்தப் பொன்ரேகா ஜாதிதான், எதப் பாத்தாலும் பயம்பா.

கோவில்பட்டி வந்துருச்சு. வழிய விடுங்கப்பா, இறங்குறவளுக்கு வழி விடாம ஏறுறானுக, மாட்டுக் கூட்டம்.

தாயி, இன்னொன்னு. பிள்ளை யாரு ஜாடைன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு. மூக்கு அவுக தாத்தா மூக்கான்னு பாரு. நம்பரா? என் நம்பர எழுதிக்கிடுதியா? சரி, எழுதிக்கோ. இல்ல, வேண்டாம். இந்தப் போனுக்குப் பண்ணாத. படமும் அனுப்பிராத, ஆத்தா. ரெஜினா நம்பரு எனக்கு மனப்பாடமாத் தெரியாது, அவ வீட்டுச் செவுத்துலதான் எழுதி வச்சிருக்கா.

சரி, விடு. பிள்ளை முகத்த நீ பாத்துக்கோ, அது போதும்.